முப்பத்தொன்றாம் பெட்டி

பெற்றோர் அவளுக்கு வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் அவளைத் தெரிந்த அத்தனை பேருக்கும் அவள் திருப்புளி. மற்றப் பெண்கள் கொண்டையில் ஊசி குத்துகிற இடத்தில் இவள் ஸ்குரூ கழற்றுகிற சின்னத் திருப்புளி ஒன்றைச் செருகியிருப்பாள். கைக்கு எட்டும், தொலையாது, இரண்டு கையும் காலியாக இருக்கும் என்று அதற்குக் காரணமும் வைத்திருந்தாள். ஒருமுறை அதோடேயே ஒரு கல்யாண வீட்டுக்குப் போய், புகைப்படத்திலும் விழுந்துவிட்டாள். அந்தப் படத்தை மாமியார் இன்றுவரை யாருக்கும் காட்டுவதில்லை.

வயது நாற்பத்து நான்கு. பதவி, தொழில்நுட்ப உதவியாளர். யாருக்கு உதவி, எதில் உதவி என்று வேலை உத்தரவில் எழுதவில்லை. எழுதாமல் விட்டதும் நல்லதாகப் போயிற்று. நூலகக் கட்டிடத்துக்குக் கீழே, பதினேழு படி இறங்கினால் வரும் நிலவறையில், உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த இடத்தைக் காலி செய்து, நாற்பத்தெட்டுக் கணினிகளைப் பூட்டி ஒரு கிளஸ்டர் கட்டிவிட்டாள்.

கிளஸ்டர் என்றதும் மிரள வேண்டாம். ஒரு பெரிய கணக்கு இருக்கிறது, ஒரே கணினி செய்தால் ஒரு வருஷத்துக்கு மேல் இழுக்கும் என்று வையுங்கள். அதை நாற்பத்தெட்டுத் துண்டாக வெட்டி, நாற்பத்தெட்டுக் கணினிக்கும் ஆளுக்கொரு துண்டு கொடுத்து, நடு நடுவே ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளும்படி கம்பியால் இணைத்துவிட்டால் சில நாளில் முடிந்துவிடும். அவ்வளவுதான் சங்கதி. இதற்கென்றே செய்த பெரிய இயந்திரங்கள் உண்டு. அவற்றின் விலையைக் கேட்டால் துறைத்தலைவருக்கு நாக்கு வறண்டுபோகும். திருப்புளியிடம் இருந்தவை ஒரு காப்பீட்டு அலுவலகம் வேண்டாமென்று தள்ளிவிட்ட சாதாரண மேஜைக் கணினிகள். திரை கிடையாது, விசைப்பலகை கிடையாது, வெறும் பெட்டிகள். அவள் பெட்டி என்றுதான் சொல்வாள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

பெட்டிகள் லாரியில் வந்து இறங்கிய அன்று துறைத்தலைவர் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்து பார்த்தார்.

"இவ்வளவு குப்பையையும் எங்கம்மா வைக்கப் போறீங்க?"

"கீழ வைக்கறேன் சார். மேல வெச்சா சூடு உங்களால தாங்க முடியாது."

"ஓடுமா இது?"

"ஓடலன்னா மறுபடியும் குப்பைதானே சார். நட்டம் என்ன?"

அவர் சிரித்துவிட்டுப் போனார். அதற்கு முன் பன்னிரண்டு வருஷம் பழுது பார்க்கும் கடை ஒன்றில் அவள் வேலை செய்திருந்தாள். காப்பி கொட்டிய கணினி, எறும்பு கூடு கட்டிய கணினி, குழந்தை பென்சிலைச் செருகிய கணினி என்று பார்க்காதது பாக்கியில்லை. ஆனால் நாற்பத்தெட்டை ஒன்றாக ஓட வைப்பது வேறு கதை. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே சமயத்தில் விசையைத் தட்டிய முதல் நாள், மேலே நூலகம் முழுக்க இருண்டுபோயிற்று. யாரோ ஒரு பேராசிரியர் இருட்டில் ஏணியிலிருந்து இறங்கத் தெரியாமல் அரை மணி நேரம் மேலேயே நின்றாராம். அன்றிலிருந்து நாலு நாலாகத்தான். நாலு பெட்டியை எழுப்புவாள், அவற்றின் மூச்சு சமமாகும் வரை நிற்பாள், அடுத்த நாலுக்குப் போவாள். இரும்பு அலமாரி ஆறு, ஒவ்வொன்றிலும் எட்டுப் பெட்டி. ஒவ்வொன்றின் நெற்றியிலும் சுண்ணாம்புக்கட்டியால் எண் போட்டிருந்தாள். விசிறிச் சத்தத்தைக் கேட்டே இது பத்தொன்பது, இது நாற்பத்திரண்டு என்று சொல்லும் அளவுக்கு இரண்டு வருஷத்தில் காது பழகிவிட்டது.

அவளுக்கென்று ஒரு சட்டம் இருந்தது. எந்தப் பெட்டி மக்கர் பண்ணினாலும் அதை வரிசையிலிருந்து கழற்றி, ஓரத்து மேஜையில் தனியாக உட்கார வைத்து, அதன் நினைவகத்துக்கு மூன்று நாள் சோதனை ஓட்ட வேண்டும். மூன்று பகல், மூன்று ராத்திரி. பிற்பகலில் அந்த நிலவறை கொதிக்கும், ராத்திரியில் ஆறும். இரண்டையும் மூன்று தடவை தாங்கிய பெட்டிக்குத்தான் வரிசையில் இடம். இரண்டரை நாள் தாங்கிவிட்டு விழுந்த பெட்டிகளை அவள் பார்த்திருக்கிறாள். ஏன் இவ்வளவு கெடுபிடி என்று கேட்பவர்களிடம் ஒரே பதில்தான் சொல்வாள். "செத்துப்போற பெட்டியால தொந்தரவு இல்ல. நின்னுடும், தெரிஞ்சுடும், மாத்திடலாம். உசுரோட இருந்துக்கிட்டு தப்பாச் சொல்ற பெட்டி இருக்கே, அதுதான் குடியக் கெடுக்கும்." விலை கூடிய இயந்திரங்களில் நினைவகம் தன் தவறைத் தானே பிடித்துக்கொள்ளுமாம். அவளுடைய பெட்டிகளுக்கு அந்த வசதி கிடையாது. அதனால் அந்த வேலையை அவளே பார்த்தாள்.

இனி நாத்தனார் கதைக்கு வருவோம்.

திருப்புளியின் கணவர் பேருந்து ஓட்டுபவர். அவருக்கு ஒரே தங்கை, பதினைந்து வயது இளையவள். அண்ணன் கல்யாணம் நடந்தபோது ஒன்பது வயதுச் சிறுமி. இப்போது அதே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவி. குடும்பத்திலேயே முதன்முதலாக டாக்டர் பட்டம் வாங்கப் போகிறவள் என்பதால் அவள் படிக்கிற அறைக் கதவை மாமியார் கூட மெதுவாகத்தான் சாத்துவார். கெட்டிக்காரப் பெண், சும்மா சொல்லக் கூடாது. ஆனால் வாய் இருக்கிறதே, அது கொஞ்சம் நீளம். ஒருநாள் தோழியிடம் தொலைபேசியில், "எங்க அண்ணியா? அவங்களுக்கு என்ன தெரியும், ஸ்குரூவக் கழட்டுவாங்க, மாட்டுவாங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னது சமையலறை வரைக்கும் கேட்டது. திருப்புளி அன்று பாத்திரத்தை வழக்கத்தைவிடச் சத்தமாக வைத்தாள். இருவரும் ஒரே வீட்டில் சாப்பிட்டு, ஒரே பேருந்தில் ஏறி, ஒரே வாசலில் இறங்குவார்கள். அதற்கப்புறம் நாத்தனார் மாடிக்குப் போவாள், அண்ணி நிலவறைக்குப் போவாள். ஐந்து வருஷமாக நாத்தனார் அந்தப் பதினேழு படி இறங்கியதில்லை.

நாத்தனாரின் ஆராய்ச்சி மருத்துவமனை வார்டில் காற்று எப்படிச் சுற்றுகிறது என்பது. ஒரு நோயாளி இருமினால் அந்த இருமல் எந்தக் கட்டிலுக்குப் போய்ச் சேரும், ஜன்னலை எங்கே வைத்தால் எந்தக் கட்டில் தப்பிக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்வாள். அதற்கு வெளியூர்ப் பெரிய இயந்திரம் ஒன்றில் வரிசையில் நின்று நேரம் வாங்கிக்கொண்டிருந்தாள். ஒருநாள் அந்த நேரம் தீர்ந்துபோயிற்று, புதிதாகக் கொடுக்கவில்லை. எட்டு மாதத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், அவள் முதன்முறையாகப் படி இறங்கி வந்தாள்.

கதவருகிலேயே நின்று ஆறு அலமாரியையும் பார்த்தாள். அப்புறம், "அண்ணி, எனக்கு நாப்பத்தெட்டும் வேணும்" என்றாள்.

"நாப்பத்தேழு இருக்கும்மா. முப்பத்தொண்ணு நேத்து நின்னுபோச்சு. இப்பத்தான் சோதனையில போட்டுருக்கேன்."

"அது எப்ப வரும்?"

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம்."

"வார்டை நாப்பத்தெட்டுத் துண்டா வெட்டி வெச்சிருக்கேன் அண்ணி. நாப்பத்தேழுன்னா எல்லாத்தையும் புதுசா வெட்டணும், ஒரு வாரம் போயிடும். ஞாயித்துக்கிழமை வரைக்கும் காத்திருந்தாலும் ரெண்டு வாரத்துல கட்டுரை அனுப்ப முடியாது. நாளைக்கே ஆரம்பிக்கணும். பாருங்களேன், ப்ளீஸ்."

வெள்ளிக்கிழமை காலை முப்பத்தொன்றாம் பெட்டி ஒரே ராத்திரிச் சோதனையோடு வரிசைக்குத் திரும்பியது. ராத்திரி முழுக்க ஒரு தவறும் காட்டவில்லை. அது குளிர்ந்த நேரம், காட்டாதுதான். தன் சட்டத்தைத் தானே உடைத்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. நாத்தனாரிடம் பெட்டி தேறிவிட்டது என்று மட்டும் சொன்னாள். கேட்டிருந்தால் அவசரம் என்றிருப்பாள்.

கணக்கு பதினொரு நாள் ஓடியது. வார்டின் ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு பெட்டியில். ஒவ்வொரு பெட்டியும் பக்கத்துத் துண்டு வைத்திருக்கிற பெட்டியிடம், உன் எல்லையில் காற்று எப்படி வீசுகிறது என்று கேட்டுக் கேட்டுத் தன் துண்டை முடித்தது. முடிவு வந்தபோது நாத்தனாருக்குத் தலைகால் புரியவில்லை. வார்டின் வடகிழக்கு மூலையில், உயரத்து ஜன்னலுக்குக் கீழே, காற்று ஒரு சின்னச் சுழலாகச் சுழன்று இருமலையெல்லாம் வெளியே தள்ளிவிடுகிறது. அங்கே ஒரு கட்டில் போட்டால் வார்டிலேயே பத்திரமான கட்டில் அதுதான். சுத்தமான மூலை என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டாள். கட்டுரை வெளிவந்தது. ஆய்வேட்டில் அதுவே நடு அத்தியாயம். பக்கத்தில் இதே அமைப்பில் வார்டு கட்டிக்கொண்டிருந்த ஒரு குழந்தைகள் மருத்துவமனையின் பொறியாளர் அந்த அத்தியாயத்தைக் கேட்டு வாங்கிப் போனார். வார்டிலேயே நலிந்த குழந்தைக்கு அந்த மூலைக் கட்டில் என்று வரைபடத்தில் குறித்திருப்பதாகவும் சொன்னார். மாமியார் தெருவில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அலுக்கவில்லை. வீட்டில் நாத்தனார் முகம் பூத்துக் கிடந்தது. அண்ணி என்று வாய் நிறையக் கூப்பிட்டாள். திருப்புளிக்கும் சந்தோஷம்தான். தன் பெட்டிகள் ஒரு குழந்தையைக் காப்பாற்றப் போகின்றன என்று கணவரிடம் ஒருதடவை வெட்கத்தோடு சொல்லிக்கொண்டாள்.

வாய்மொழித் தேர்வுக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது வேதியியல்காரர் ஒருவர் நிலவறைக்கு வந்தார். ஒரே கணக்கை இரண்டு பிற்பகல் ஓட்டினேன், இரண்டு விடை வருகிறது, என் தவறா உங்கள் தவறா என்று தன்மையாகத்தான் கேட்டார். திருப்புளி அவரை அனுப்பிவிட்டு, நாற்பத்தெட்டுப் பெட்டிக்கும் ஒரே சின்னக் கணக்கைக் கொடுத்து, அதையே திரும்பத் திரும்பப் போடச் சொன்னாள். காலையில் நாற்பத்தெட்டும் ஒரே குரலில் பேசின. மத்தியானம் சூடு ஏற ஏறக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். மூன்று மணிக்கு ஒரு பெட்டி மட்டும் வேறு எண்ணைச் சொன்னது. உடனே சரியான எண்ணுக்குத் திரும்பிவிட்டது. மூன்றே காலுக்கு மறுபடியும் தவறியது. முப்பத்தொன்று.

நாற்காலியில் உட்கார்ந்து, நாத்தனாரின் பழைய கணக்கைத் திறந்து, எந்தத் துண்டு எந்தப் பெட்டிக்குப் போனது என்ற பட்டியலைப் பார்த்தாள். பார்க்கவே வேண்டியதில்லை, துண்டு எண்தான் பெட்டி எண். முப்பத்தொன்றாம் துண்டு, வடகிழக்கு மூலை.

மறுநாள் மதியம் கணவருக்குச் சாப்பாட்டு டப்பா கொடுக்கிற சாக்கில் பேருந்துப் பணிமனைக்குப் போனாள். பழைய டயர்களை அடுக்கி வைத்திருந்த சுவரோரம் இருவரும் உட்கார்ந்தார்கள். அவள் சொல்லி முடிக்கும் வரை அவர் டப்பாவைத் திறக்கவில்லை.

"தப்புன்னு நிச்சயமாத் தெரியுமா?" என்றார்.

"பெட்டி தப்பாச் சொல்லுதுன்னு நிச்சயம். அந்தக் கணக்குல சொல்லிச்சான்னு மறுபடி ஓட்டினாத்தான் தெரியும். பதினோரு நாள் ஆகும்."

"அப்ப ஒண்ணு செய்யேன். ரெண்டு வாரம் பொறுத்துக்க. அவ பட்டம் வாங்கட்டும். அப்பறம் சொல்லு, திருத்திக்குவா. இப்ப சொன்னேன்னு வெச்சுக்க, அம்மா என்ன சொல்லுவாங்கன்னு உனக்கே தெரியும்."

"பொறாமைன்னு சொல்லுவாங்க."

"நான் சொல்ல மாட்டேன். அவங்க சொல்லுவாங்க."

"அதுக்குள்ள அந்த மூலைல கட்டில் போட்டுட்டா?"

அவர் டப்பாவை மடியில் திருப்பி வைத்தார்.

"பிரேக் சந்தேகமா இருக்கற வண்டிய ஒரு தடவ ஓட்டிட்டு வந்து அப்பறம் எழுதிக் குடுன்னு சொன்னா, நீங்க எடுப்பீங்களா?"

"வண்டிய வெச்சுப் பேசினா நான் என்னத்தச் சொல்றது" என்று அவர் டப்பாவைத் திறந்தார். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "போய்ச் சொல்லு. மெதுவாச் சொல்லு" என்றார்.

மெதுவாகச் சொல்ல என்ன இருக்கிறது இதில்? நாத்தனாரைக் கீழே கூப்பிட்டு, நாற்காலி போட்டு, திரையில் அந்த ஓட்டத்தைக் காட்டினாள். நாற்பத்தேழு பெட்டியின் எண் ஒரே நேர்கோடாகப் போக, ஒன்று மட்டும் மூன்று மணிக்கு மேல் துள்ளிக்கொண்டிருந்தது.

"எந்தப் பெட்டி?"

"முப்பத்தொண்ணு."

நாத்தனார் எதையும் புரட்டிப் பார்க்கவில்லை. அந்தத் துண்டின் எண் அவளுக்கு மனப்பாடம்.

"பதினாலு நாள் இருக்கறப்பத்தான் இது உங்க கண்ல பட்டுச்சா?" என்றாள். குரல் உயரவில்லை, உயர்ந்திருந்தால் தேவலை. "எட்டு மாசமா இங்கதானே உக்காந்திருக்கீங்க. எல்லாரும் என்னக் கொண்டாடறாங்க, உங்களுக்குத் தாங்கல. அதுதானே?"

"அப்படி இல்லம்மா. அந்தப் பெட்டி நடுவுல கெட்டிருக்கு. சூடானாத்தான் தெரியுது. மறுபடி ஓட்டிப் பாத்துடலாம். சரியா இருந்தா நானே உன் கால்ல விழறேன்."

"நீங்க கால்ல விழுந்து எனக்கு என்ன ஆகப் போகுது?" என்று படியேறிப் போய்விட்டாள்.

நடுவில் கெட்டிருக்கிறது என்று சொன்னாளே, அதைக் கவனித்தீர்களா? தவறாகச் சொல்கிற பெட்டியைத் தேடிப் பிடித்தவள் வாயிலிருந்து வந்தது அரை உண்மை. மூன்று நாள் உட்கார வேண்டிய பெட்டியை ஒரே ராத்திரியில் நானே உள்ளே விட்டேன் என்கிற மீதிப் பாதி தொண்டையிலேயே நின்றுவிட்டது. எனக்கு அவள்மேல் கோபம்தான். ஆனால் அந்த நாற்காலிக்கு எதிரே நான் நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்தால் கோபம் கொஞ்சம் அடங்கிவிடுகிறது.

கணக்கை மறுபடி ஓட்டுவதற்காக, முப்பத்தொன்றைக் கழற்றிய இடத்தில் வைக்க அதே ரகத்தில் இன்னொரு பெட்டி வீட்டில்தான் இருந்தது. மாமியார் தன் தங்கையோடு முகம் பார்த்துப் பேசுகிற கணினி அது. அதை மூன்று நாள் சோதனையில் போட நாள் இல்லை. அதனால் முதல் மூன்று நாளும் கணக்கு ஓட ஓடவே, அரை மணிக்கு ஒருதரம் வேறொரு பெட்டியையும் அதே துண்டைப் போடச் சொல்லி, இரண்டு விடையையும் ஒப்பிட்டுக்கொண்டே இருந்தாள். மதிய நேரங்களில் சாப்பிடக் கூட எழுந்திருக்கவில்லை. ஒரு வித்தியாசமும் வரவில்லை.

அந்தப் பதினொரு நாள் வீடு வீடாக இல்லை. நாத்தனார் பேருந்தில் தள்ளிப் போய் உட்கார்ந்தாள். மாமியாருக்கு விஷயம் முழுக்கப் புரியவில்லை. புரிந்த அளவே அவருக்குப் போதுமானதாக இருந்தது. "வீட்ல ஒருத்தி மேல வர்றது இன்னொருத்திக்குப் பொறுக்கல. இதுல என் கம்ப்யூட்டர் வேற தூக்கிட்டுப் போயாச்சு" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். கணவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு இன்னொரு முறை கை கழுவப் போனார். இப்படிப்பட்ட சமயங்களில் அவர் கை எப்போதும் சுத்தமாக இருக்கும்.

பன்னிரண்டாம் நாள் காலை நாத்தனார் கீழே வந்தாள். அண்ணியிடம் பேசவில்லை. திரைக்கு முன்னால் உட்கார்ந்து படத்தைத் திறந்தாள். வார்டு, கட்டில்கள், ஜன்னல். இருமலை நீல நிறக் கோடுகளாகக் காட்டும் படம் அது. முந்தின படத்தில் வடகிழக்கு மூலைக்கு முன்னால் கோடுகள் வளைந்து திரும்பிப் போகும். இதில் வளையவில்லை. நேராக மூலைக்குள் போய், கட்டிலின் தலைமாட்டில் சுற்றிச் சுற்றித் தேங்கின. பழைய கணக்கில் ஏதோ ஒரு பிற்பகலில் அந்தத் துண்டின் சுவர்க் கணக்கில் ஒரே ஒரு எண் மாறிப்போயிருந்தது. இல்லாத ஒரு தடுப்பை இருப்பதாக எடுத்துக்கொண்டு, பெட்டி மிச்ச நாளெல்லாம் உண்மையாகவே உழைத்திருக்கிறது.

நாத்தனார் எழுந்து, நிலவறையில் சிக்னல் கிடைக்காது என்பதால் பாதிப் படியில் நின்று அந்தப் பொறியாளரைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். "சார், அந்த மூலைக் கட்டில எடுத்துடுங்க. ஆமா, சுத்தமான மூலைன்னு சொன்னேன்ல, அதுதான். தப்பு. வார்டுலயே மோசமான இடம் அது" என்று ஒவ்வொரு சொல்லாக அவள் சொன்னது கீழே நன்றாகக் கேட்டது. அங்கிருந்து நேராகத் துறைத்தலைவரிடம் போனாள். தேர்வு தள்ளிப்போயிற்று. வெளியான கட்டுரையைத் திரும்பப் பெற்று, அந்த அத்தியாயத்தைப் புதிதாக எழுத வேண்டும். குறைந்தது ஆறு மாதம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நாலு பேரும் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தார்கள். மாமியார்தான் ஆரம்பித்தார்.

"நடந்தது நடந்துபோச்சு. யாரால நடந்துச்சுன்னு நான் வாய் திறந்து சொல்லல."

"அம்மா, போதும்" என்றாள் நாத்தனார். "அண்ணி சொல்லாம இருந்திருந்தா எனக்கு இன்னேரம் பட்டம் கெடச்சிருக்கும். அந்தக் கட்டில்ல ஒரு குழந்தையும் படுத்திருக்கும். ரெண்டும் சேந்துதான் நடந்திருக்கும். பெட்டி கெட்டுப்போனா அவங்க என்ன பண்ணுவாங்க? வேற யாராவதா இருந்தா வாயத் திறந்திருக்க மாட்டாங்க."

மாமியார் தட்டைப் பார்த்தார். கணவர் தன் மனைவியைப் பார்த்தார், இனி நல்ல காலம் என்பது போல ஒரு பார்வை. திருப்புளி இந்த வீட்டுக்கு வந்து இருபது வருஷம். நாத்தனார் வாயிலிருந்து அவளைப் பற்றி நாலு பேர் முன்னால் வந்த முதல் நல்ல வார்த்தை இதுதான். அதை வாங்கி வைத்துக்கொண்டு பேசாமல் சாப்பிட்டிருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது.

"பெட்டி தானாக் கெடல" என்றாள்.

மூன்று பேரும் நிமிர்ந்தார்கள்.

"அது ஏற்கெனவே கெட்ட பெட்டி. மூணு நாள் சோதனை போட்டிருந்தா மறுநாள் மத்தியானமே தெரிஞ்சிருக்கும். நான் ஒரு ராத்திரிதான் போட்டேன். வெள்ளிக்கிழமை காலைல நான்தான் உள்ள விட்டேன். அன்னைக்குக் கீழ வெச்சு உங்கிட்ட நடுவுல கெட்டுச்சுன்னு சொன்னேன். அது பொய்."

நாத்தனார் கரண்டியைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். எழுந்து போய் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். மாமியாருக்குப் பேச ஆயிரம் இருந்திருக்கும். அதிசயமாக அவர் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

"இதையும் சொல்லணுமா?" என்று கணவர் மெல்லக் கேட்டார்.

"சொல்லியாச்சு" என்றாள். அப்புறம் அழுதாள். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, மறைக்காமல், விக்கி விக்கி அழுதாள். ஆறு மாதம் போனதற்கும் அழுதாள், அந்த நல்ல வார்த்தை போனதற்கும் அழுதாள். எதற்கு அதிகமாக அழுதாள் என்று அவளுக்கே தெரியாது.

திங்கட்கிழமை அவள் தனியாகத்தான் பேருந்தில் வந்தாள். நிலவறையைத் திறந்து, விளக்கைப் போட்டு, முதல் அலமாரிக்குப் போகுமுன் படியில் காலடிச் சத்தம் கேட்டது. நாத்தனார். அடுத்த பேருந்தில் வந்திருக்க வேண்டும். ராத்திரி தூங்காத கண். கதவருகில் நிற்காமல் உள்ளே வந்து, அலமாரிகளுக்கு நடுவில் நின்றாள்.

"எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க" என்றாள். "வேதியியல்காரர் ஒருதடவ இப்படித்தான் வந்து கெஞ்சினாராம். மூணு நாள்னா மூணு நாள், துணைவேந்தரே வந்தாலும் விட மாட்டேன்னு அவரத் திருப்பி அனுப்பினீங்களாம். துறை முழுக்கச் சொல்லிச் சிரிப்பாங்க. என்ன மட்டும் ஏன் விட்டீங்க? அன்னைக்கே முடியாதுன்னு சொல்லியிருக்கலாம்ல?"

அவசரம் என்று சொல்லத் திருப்புளி வாயெடுத்தாள். சொல்லவில்லை.

"நீ இந்த வீட்ல என்கிட்ட ஒண்ணுமே கேட்டதில்லம்மா. பாடம் கேட்டதில்ல, பணம் கேட்டதில்ல, ஒரு துணி எப்படி இருக்குன்னு கேட்டதில்ல. அன்னைக்குத்தான் மொத தடவையாப் படி இறங்கி வந்து, அண்ணி, எனக்கு வேணும்னு கேட்டே. எப்படி இல்லன்னு சொல்றது?"

நாத்தனார் தலை குனிந்துகொண்டாள். மேலே நூலகத்தில் யாரோ மேஜையை இழுக்கிற சத்தம் கேட்டது.

"உங்க மேல எனக்கு இன்னும் கோவம்தான்" என்றாள் கடைசியில்.

"இருக்கும்மா."

"இனிமே முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லுங்க அண்ணி. நான் கோச்சுக்க மாட்டேன்." சொல்லிவிட்டுக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கோச்சுக்குவேன். ஆனாலும் சொல்லுங்க."